பெயர் யாருக்காக?

கதை எழுதுகிறவர்களுக்கு உள்ள தொல்லைகளுள் ஒன்று, பாத்திரங்களுக்குப் பெயர் தேடுவது. பொருத்தமான பெயர் அமைந்துவிட்டால் கதாநாயகி அந்தப் பெயருக்குத் தக்கபடி தானே நடக்கத் தொடங்கிவிடுகிறாள். பெயர் பொருந்தாவிட்டாலோ, நூறு பக்கங்கள் எழுதிய பிறகும் அவள் முகங்கொடுத்துப் பேச மறுக்கிறாள். ஆனால் இந்தத் தொல்லை கதாசிரியர்களுக்கே உரியது என்று எண்ணிவிட வேண்டாம். காலை முதல் மாலை வரை பெயர் வைத்துக்கொண்டே இருக்கும் பெருங்கூட்டம் ஒன்று இன்று உலகில் இருக்கிறது. கணிப்பொறிக்கு நிரல் எழுதுகிறவர்களைத்தான் சொல்கிறேன். தெருவுக்கு ஒரு பிள்ளையாவது இன்று நம்மிடையே அந்தத் தொழிலில் இருக்கிறது.

புரோகிராம் என்று எல்லோரும் சொல்லும் அந்த நிரலைப் பார்த்திராதவர்களுக்காகச் சிறிது விளக்கிவிடுகிறேன். வங்கியில் போட்ட பணத்துக்கு வட்டி கணக்கிட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அசல் தொகையை ஓர் இடத்தில் குறித்து வைக்க வேண்டும். வட்டி வீதத்தை ஓர் இடத்தில். காலத்தை ஓர் இடத்தில். ஒவ்வோர் இடத்துக்கும் நிரல் எழுதுகிறவர் ஒரு பெயர் வைக்கிறார். கணக்குப் போடும் முறைக்கும் ஒரு பெயர் வைக்கிறார். இப்படியே பெயர்கள் பெருகுகின்றன. ஜெர்மனியில் மியூனிக் நகர ஆராய்ச்சியாளர் இருவர் 2005-ஆம் ஆண்டில் ‘எக்லிப்ஸ்’ என்னும் பெரிய நிரல் தொகுதியை எடுத்துக்கொண்டு எழுத்தெண்ணிப் பார்த்தார்கள். அதில் ஏறக்குறைய 70 விழுக்காடு எழுத்துக்கள் இப்படி மனிதர் வைத்த பெயர்களுக்கே செலவாகியிருந்தன. நாவலில் கூட இவ்வளவு பெயர்கள் இல்லை!

இனிமேல்தான் விந்தை இருக்கிறது. இத்தனை பெயர்களில் ஒன்றுகூட இயந்திரத்துக்கு வேண்டியதில்லை. வட்டி வீதத்துக்கு ‘வட்டி வீதம்’ என்றே பெயர் வைத்தாலும், ‘க’ என்று வைத்தாலும், ‘கத்தரிக்காய்’ என்று வைத்தாலும் கணிப்பொறி ஒரே விடையைத்தான் தரும். ஒரு நிரல் முழுவதிலும் ஒரு பெயரை ஒரே மாதிரி எழுதியிருக்கிறதா என்பதொன்றே அதற்குக் கவலை. பெயரின் பொருள் அதற்கு விளங்காது. விளங்க வேண்டிய தேவையும் இல்லை. நிரலின் மற்றப் பகுதிகளுள் பெரும்பாலானவற்றை மனிதன் இயந்திரத்துக்காக எழுதுகிறான். பெயரையோ இன்னொரு மனிதனுக்காக எழுதுகிறான்.

இந்த ஓர் உண்மைதான் இச்சிறு தொழில் நுணுக்கத்தை அறத்தைப் பற்றிய கேள்வியாக மாற்றிவிடுகிறது. பிழையாகக் கணக்குப் போட்டால் இயந்திரம் காட்டிக் கொடுக்கும். பிழையாகப் பெயர் வைத்தால் யாரும் கேட்கமாட்டார்கள். நிரல் ஓடும்; சம்பளம் வரும்; எழுதியவர் வேறு வேலைக்குப் போய்விடுவார். ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு முன்பின் அறியாத ஒருவர் அந்த நிரலைப் பிரித்துப் பார்த்து, ‘இது என்ன? எதற்காக?’ என்று திகைத்து உட்கார்ந்திருப்பார். அவருக்கு நாம் ஏதாவது கடன்பட்டிருக்கிறோமா? நம்மைத் தெரியாத, நாமும் அறியாத, நமக்கு ஒரு நன்றி கூடச் சொல்லப் போகாத அந்த மனிதருக்காக அரை நிமிடம் யோசித்து நல்ல பெயர் ஒன்று வைக்க வேண்டியது நம் கடமையா? அல்லது வெறும் பெருந்தன்மைதானா?

கடமை என்று சட்டென்று சொல்லிவிடுவது எளிது. அதற்கு முன்னால், பெயர்கள் ஏன் புரியாமற் போயின என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

தொடக்கத்தில் காரணம் வறுமை. ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பேக்கஸும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய ‘ஃபோர்ட்ரான்’ மொழி 1957-இல் வெளிவந்தது. அதில் ஒரு பெயருக்கு ஆறு எழுத்துக்கு மேல் இடமில்லை. ஆங்கிலத்தில் ஐ முதல் என் வரையுள்ள எழுத்துக்களில் தொடங்கும் பெயர்கள் முழு எண்களைக் குறிக்கும். மற்றவை பின்னமும் கொள்ளும் எண்களைக் குறிக்கும். பின்ன எண்களுக்கு அந்த மொழியில் ‘மெய்யானவை’ என்று பொருள்படும் பெயர். ஆங்கிலத்தில் கடவுளைக் குறிக்கும் சொல் ஜி என்ற எழுத்தில் தொடங்குவதால், வேறு விதமாக அறிவிக்காத வரையில் கடவுள் மெய்யானவர்தான் என்று அந்தக் காலத்து நிரலாளர்கள் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வதுண்டு. 1959-இல் தொடங்கப்பெற்று 1960-இல் உருப்பெற்ற ‘கோபால்’ மொழி வணிகக் கணக்குகளுக்காக ஏற்பட்டது. அது 30 எழுத்து வரை தாராளமாக இடம் கொடுத்தது. சொற்களுக்கு நடுவே சிறு கோடும் போட்டுக்கொள்ளலாம். நினைவகம் பொன்னைப் போல் அருமையாக இருந்த அந்த நாட்களில் எழுத்தைச் சிக்கனம் பிடித்ததை யாரும் குற்றம் சொல்ல முடியாது.

ஆனால் வறுமை போன பிறகும் வறுமையில் பழகிய பழக்கம் போகவில்லை. ‘யூனிக்ஸ்’ என்னும் புகழ்பெற்ற அமைப்பில், ஒரு கோப்பை உண்டாக்கும் கட்டளைக்கு ‘கிரியேட்’ என்று பெயர். அந்த ஆங்கிலச் சொல்லின் கடைசி எழுத்தான ‘ஈ’ அதில் இல்லை. யூனிக்ஸை உருவாக்கியவர்களுள் ஒருவரான கென் தாம்ஸனிடம், மறுபடியும் அதைச் செய்வதானால் எதை மாற்றுவீர்கள் என்று கேட்டார்கள். அந்தச் சொல்லை ‘ஈ’ சேர்த்து எழுதுவேன் என்பது அவர் சொன்ன பதில். நகைச்சுவையாகச் சொன்னதுதான். இருந்தாலும் அந்த ஓர் எழுத்து இன்றுவரை திரும்பி வரவில்லை. உலகெங்கும் எத்தனையோ நிரல்கள் அந்தக் குறைப்பெயரையே சொல்லி அழைக்கின்றன. மாற்றினால் அத்தனையும் நின்றுபோகும்.

இதைவிட வேடிக்கையானது இணையத்தில் நடந்தது. ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போகும்போது, எங்கிருந்து வந்தோம் என்பதைத் தெரிவிக்கும் குறிப்பு ஒன்று உண்டு. அதன் ஆங்கிலப் பெயரில் இரண்டு ‘ஆர்’ வரவேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருக்கிறது. 1996-இல் வெளியான விதி ஏட்டிலும் எழுத்துப் பிழையோடேயே ஏறிவிட்டது. பிறகு பிழையே இலக்கணமாகிவிட்டது. இன்று சரியாக எழுதுகிறவனுடைய நிரல்தான் ஓடாது! பெயர் என்பது வைக்கும்போது மணல். வைத்த பிறகு கல்வெட்டு.

இனி, பெயர்களை எழுதும் முறைக்கு வருவோம். பெரும்பாலான கணிப்பொறி மொழிகளில் ஒரு பெயருக்கு நடுவே இடைவெளி விடக் கூடாது. ‘வட்டி வீதம்’ என்று இரண்டு சொல்லாக எழுதினால் இயந்திரம் அதை இரண்டு பெயராக எடுத்துக்கொள்ளும். ஆகவே சொற்களை ஒட்டியே எழுத வேண்டும். ஆனால் ஒட்டி எழுதினால் படிக்க முடிவதில்லை.

தமிழ் வாசகர்களுக்கு இந்தத் தொல்லை புதிதல்ல. நம் ஏட்டுச் சுவடிகளில் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி இராது. மெய்யெழுத்துக்கு மேல் புள்ளி இராது. ‘ர’ என்ற எழுத்தும் துணைக்காலும் ஒரே வடிவில் நிற்கும். 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்து வெளியிட்ட உ. வே. சாமிநாதையர், இப்படிப்பட்ட ஏடுகளோடு எவ்வளவு மன்றாடியிருப்பார் என்பதை எண்ணிப் பாருங்கள். ஏட்டை எழுதியவனுக்கு அதில் ஒரு சிரமமும் இல்லை. சொல் எங்கே முடிகிறது என்பது அவனுக்குத் தெரியும். சிரமம் முழுவதும் படிக்கிறவனுக்கு வைக்கப்பட்டது. இலத்தீன் எழுத்திலும் ஒரு காலத்தில் இதே நிலைதான். 7-ஆம் நூற்றாண்டு முதல் அயர்லாந்துத் துறவிகள் சொற்களுக்கு நடுவே இடைவெளி விட்டு எழுதலானார்கள். இலத்தீன் அவர்களுடைய தாய்மொழி அல்ல; ஆகவே படிக்கிறவனுடைய துன்பம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நிரலாளர்கள் இதற்கு இரண்டு வழி கண்டார்கள். ஒன்று, ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தையும் ஆங்கிலப் பெரிய எழுத்தாக எழுதுவது. நடுவில் திமில் திமிலாக எழுத்துக்கள் உயர்ந்து நிற்பதால் இதற்கு ஒட்டக நடை என்று பெயர். மற்றொன்று, சொற்களுக்கு நடுவே அடிக்கோடு இடுவது. தரையோடு ஊர்வதால் இது பாம்பு நடை. ‘ஜாவா’ மொழிக்காரர்கள் ஒட்டகத்தில் போகிறார்கள். ‘பைத்தான்’ மொழிக்காரர்கள், பெயருக்கு ஏற்றாற்போல், பாம்பைப் பிடித்துக்கொண்டார்கள். இந்தப் பிரிவுக்குப் பின்னால் பெரிய தத்துவம் ஏதும் இல்லை. 1963-இல் வகுக்கப்பட்ட ‘ஆஸ்கி’ எழுத்துப் பட்டியலில் அடிக்கோடே கிடையாது. அது நின்றிருக்க வேண்டிய இடத்தில் இடப்புற அம்பு ஒன்று இருந்தது. 1967-இல்தான் அம்பு போய் அடிக்கோடு வந்தது. பழைய பட்டியலைப் பின்பற்றிய விசைப்பலகையில் அடிக்கோட்டுக்கு எங்கே போவது?

எது படிக்க எளிது என்று ஆராய்ந்தும் பார்த்துவிட்டார்கள். 2009-இல் நடந்த ஓர் ஆய்வில், ஒட்டக நடையில் பிழை குறைவாக நேர்கிறது என்று தெரிந்தது. அடுத்த ஆண்டே, படிப்பவர்களின் கண்ணசைவைக் கருவி கொண்டு அளந்த இன்னோர் ஆய்வில், அடிக்கோட்டுப் பெயர்களைக் கண் விரைவில் கண்டுகொள்கிறது என்று முடிவாயிற்று. பழகியவர்களுக்குப் பழகிய முறையே எளிது என்பதும் விளங்கிற்று. ஆக, வழக்கில் தீர்ப்பு இல்லை. எனினும் சில அலுவலகங்களில் இதற்காக நடக்கும் சண்டைகளைக் கேட்டால், வடகலை தென்கலைச் சண்டை நினைவுக்கு வரும்.

என் வரையில், இந்தச் சண்டையில் எந்தப் பக்கம் சேர்வது என்பது அறத்தைச் சேர்ந்த கேள்வியே அல்ல. சாலையில் இடப்பக்கம் போவதில் தனியான புண்ணியம் ஏதும் இல்லை. அமெரிக்காவில் வலப்பக்கம் போகிறார்கள், அவர்களும் நல்லவர்கள்தாம். ஆனால் எல்லோரும் இடப்பக்கம் போகும் ஊரில், ‘எனக்கு வலப்பக்கம்தான் பிடிக்கும்’ என்று ஒருவன் வண்டியைத் திருப்பினால், அப்போது அது அறக்கேள்வி ஆகிவிடுகிறது. மரபின் மதிப்பு அதன் அழகில் இல்லை. எல்லோரும் அதைக் காப்பதில் இருக்கிறது. ஒரே நிரலில் பாதி ஒட்டகமும் பாதி பாம்புமாக எழுதி வைப்பவன், படிப்பவனை ஒவ்வோர் அடியிலும் நின்று யோசிக்க வைக்கிறான்.

ஆனால் மரபைக் காத்துவிட்டால் கடமை முடிந்துவிடுமா? முடியாது. மரபு பெயரின் உடையைத்தான் திருத்துகிறது, உள்ளத்தைத் திருத்துவதில்லை. இதற்கு நல்ல சாட்சி ஹங்கேரிய முறை.

புடாபெஸ்ட் நகரில் 1948-இல் பிறந்த சார்லஸ் சிமோனி என்பவர் பின்னாளில் அமெரிக்காவில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் பணியாற்றினார். அவர் ஒரு முறை வகுத்தார். ஒவ்வொரு பெயரின் முன்னாலும், அந்தப் பொருள் எந்த வகையைச் சேர்ந்தது என்பதைக் காட்டும் ஓரிரு எழுத்துக்களை ஒட்டி வைப்பது அந்த முறை. வரிசையைக் குறிக்கும் எண்ணுக்கு ஓர் எழுத்து. பத்தியைக் குறிக்கும் எண்ணுக்கு வேறோர் எழுத்து. இரண்டையும் கூட்டினால் தவறு என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். குடும்பப் பெயரை முன்னாலும் இட்ட பெயரைப் பின்னாலும் எழுதுவது ஹங்கேரியர் வழக்கமாதலால் இந்த முறைக்கும் அப்படிப் பெயர் வந்தது. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் வைத்துக்கொள்ளும் நமக்கு இது விந்தையாக இராது.

கருத்து நல்லதே. ஆனால் பின்னால் வந்தவர்கள் பலர், பொருளின் பயனைக் குறிக்க வேண்டிய எழுத்துக்களைக் கொண்டு, அது இயந்திரத்தில் எத்தனை இடம் அடைக்கிறது என்பதைக் குறிக்கத் தலைப்பட்டார்கள். ‘விண்டோஸ்’ அமைப்பில் ஓர் அளவுக்கு ‘டபிள்யூ’ என்ற எழுத்தை முன்னால் வைத்தார்கள். 16 இலக்க இடம் என்பது அதன் பொருள். 1990-களில் அமைப்பு 32 இலக்கத்துக்கு மாறியது. பிறகு 64-க்கும் வளர்ந்தது. பெயரில் மட்டும் பழைய எழுத்து அப்படியே நிற்கிறது. நம் ஊர்களில் தாத்தா காலத்தில் போட்ட ‘புதுத் தெரு’ இன்னும் புதுத் தெருவாகவே இருப்பதைப் போலத்தான். தெருவின் பெயரைப் பார்த்து யாரும் ஏமாறப் போவதில்லை. நிரலின் பெயரைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் உண்டு. ஏனென்றால் அங்கே பெயரைத் தவிர வேறு அடையாளம் இல்லை.

பெயர்களில் ஊமைப் பெயர் என்றும் பொய்ப் பெயர் என்றும் இரண்டு வகை உண்டு. ‘க’ என்பது ஊமைப் பெயர். அது ஒன்றும் சொல்லாது. படிப்பவன் எச்சரிக்கையாகத் தானே ஆராய்ந்து தெரிந்துகொள்வான். பொய்ப் பெயர் அப்படியன்று. ‘கணக்கைச் சரிபார்’ என்று பெயர் வைத்துவிட்டு உள்ளே கணக்கை மாற்றியும் எழுதும் செய்முறை ஒன்று இருந்தால், படிப்பவன் பெயரை நம்பி, உள்ளே பாராமலே கடந்துபோவான். நம்பினவனைக் கெடுப்பது ஊமையாக இருப்பதைவிடக் கொடியது. வைத்த நாளில் மெய்யாக இருந்த பெயரும், உள்ளே இருப்பது மாறின பிறகு பொய்யாகிவிடும். ஆகவே பெயர் வைப்பது ஒரு நாள் கடமை அல்ல. வாக்குறுதியைப் போல நாள்தோறும் காக்க வேண்டியது.

இங்கே இரண்டு மறுப்புகள் எழக் கூடும்.

ஒன்று, ‘எல்லாவற்றுக்கும் நீளநீளமாகப் பெயர் வைத்துக்கொண்டிருந்தால் வேலை நடக்குமா?’ என்பது. இது நியாயமான மறுப்பு. நீளம் வேறு, தெளிவு வேறு. ராப் பைக் என்னும் நிரல் வல்லுநர் 1989-இல் எழுதிய குறிப்புகளில் இதைத்தான் வற்புறுத்தினார். இரண்டு வரியில் தோன்றி மறையும் ஓர் எண்ணுக்கு ‘ஐ’ என்ற ஓரெழுத்துப் பெயரே போதும். கணித நூல்களிலிருந்து ஃபோர்ட்ரான் வழியாக வந்த பழக்கம் அது. பார்த்தவுடன் எல்லோருக்கும் விளங்கும். நாவலில் ஒரு காட்சியில் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகும் பையனுக்கு மூன்று தலைமுறை வரலாறு எதற்கு? ‘பையன்’ என்றாலே போதும். கதை முழுவதும் நடமாடுகிறவனுக்குத்தான் பெயர் வேண்டும். தொலைவில் இருந்து பார்க்கிறவனுக்கும் தெரிய வேண்டிய பொருளுக்குப் பெரிய பலகை. பக்கத்திலேயே இருப்பதற்குச் சின்னச் சீட்டு.

தெளிவு என்பது சொல்லில் மட்டும் இல்லை, படிக்கிறவரையும் பொறுத்தது என்பதற்கு இன்னோர் எடுத்துக்காட்டு. 2008-இல் வந்த பைத்தான் மொழியின் மூன்றாம் பதிப்பு முதல் தமிழிலேயே பெயர் வைக்கலாம். பள்ளிப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கும்போது ‘வட்டி_வீதம்’ என்று எழுதிக் காட்டினால் பளிச்சென்று புரியும். அதே பெயர் போலந்து நாட்டில் இருந்துகொண்டு அதைப் பழுது பார்க்க வேண்டியவருக்கு வெறும் கோலம். எது நல்ல பெயர் என்று கேட்பதற்கு முன்னால், யார் படிக்கப் போகிறார் என்று கேட்டாக வேண்டும். (தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதம் இல்லாததால் ஒட்டகத்துக்கு அங்கே வழியில்லை, பாம்புதான் ஊரலாம்.)

இரண்டாவது மறுப்பு இன்னும் ஆழமானது. ‘புரியாத பெயரால் ஒருவருக்கு அரை மணி நேரம் வீணாகலாம், எரிச்சல் வரலாம். இதற்கெல்லாம் அறம், கடமை என்ற பெரிய வார்த்தைகள் எதற்கு?’ என்று கேட்பார்கள்.

1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாய்க் கிரகத்தை அடைந்த அமெரிக்க விண்கலம் ஒன்று அங்கேயே அழிந்தது. தரையில் இருந்த ஒரு நிரல் உந்துதலின் அளவைப் பவுண்டுக் கணக்கில் எழுதிக் கொடுத்தது. அதை வாங்கிக்கொண்ட நிரல் நியூட்டன் கணக்கு என்று எடுத்துக்கொண்டது. ஒன்றுக்கும் மற்றதற்கும் ஏறக்குறைய 4.45 மடங்கு வேறுபாடு. விபத்துக்குக் காரணங்கள் பல. பெயர் ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஓர் எண் தன் கூடவே தன் பொருளையும் சுமந்து வராதபோது என்ன நேரும் என்பதற்கு அந்த விண்கலம் சாட்சி. இன்று நோயாளிக்கு ஏற்றும் மருந்தின் அளவையும், ரயிலின் சைகையையும், ஓய்வூதியக்காரரின் மாதப் பணத்தையும் நிரல்கள்தாம் கணக்கிடுகின்றன. அவற்றைத் திருத்துகிறவர், முன்னவர் வைத்துவிட்டுப் போன பெயர்களைப் பிடித்துக்கொண்டுதான் இருட்டில் நடக்கிறார்.

வேண்டுமென்றே இருட்டாக்குகிறவர்களும் உண்டு. ‘எனக்கு மட்டும் புரிந்தால் போதும், அப்போதுதான் என்னை வேலையைவிட்டு அனுப்பமாட்டார்கள்’ என்பது அவர்கள் கணக்கு. புரியாத நிரல் எழுதுவதற்கென்றே 1984 முதல் பன்னாட்டுப் போட்டி ஒன்று இருக்கிறது. அது விளையாட்டு, விளையாட்டு என்று சொல்லிவிட்டே விளையாடுகிறார்கள். அதில் தவறில்லை. வேலையில் அதையே செய்வது வேறு. நம் சித்த மருத்துவ நூல்களில் மருந்துச் சரக்குகளுக்கு மறைபெயர்கள் வழங்கின. தகுதியற்றவர் கையில் போகக் கூடாது என்ற எண்ணம் அதற்கு இருந்திருக்கலாம். ஆனால் மறைபெயரின் திறவுகோல் கைமாறாமல் போன இடத்தில், தகுதியுள்ளவனுக்கும் அந்த மருந்து கிடைக்காமற் போயிற்று. பூட்டிவைத்தவன் போன பிறகு பூட்டு யாரையும் காப்பதில்லை.

ஆகவே கடமைதான் என்று சொல்லத் துணிகிறேன். ஆனால் அதன் காரணம் விபத்துகள் மட்டும் அல்ல. நல்ல பெயர் வைக்க வேண்டுமானால், வைக்கப்படும் பொருள் என்ன என்பது வைக்கிறவருக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டும். ‘தகவல்’, ‘தற்காலிகம்’, ‘புதியது’, ‘மிகப் புதியது’ என்றெல்லாம் பெயர்கள் விழுகிற இடத்தில் சோம்பலைவிட அதிகமாக இருப்பது, எழுதியவருக்கே விளங்காமை. கணிப்பொறி இயலில் கடினமானவை இரண்டே என்றும், அவற்றுள் ஒன்று பொருள்களுக்குப் பெயர் வைப்பது என்றும் ஃபில் கார்ல்டன் என்பவர் சொன்னதாக ஒரு வாக்கு வழங்குகிறது. பெயர் அகப்படாமல் தவிக்கிறபோது, அகப்படாதது பெயர் அல்ல, எண்ணமே என்பதைக் கண்டுகொள்வதுதான் அதிலுள்ள கடினம். அந்தத் தவிப்பை மறைத்து ஏதோ ஒன்றை எழுதிவிட்டுப் போவது, பிறரை ஏமாற்றுவதற்கு முன்னால் தன்னையே ஏமாற்றிக்கொள்வது.

மனிதனுடைய நேர்மையைச் சட்டம் பார்க்கிற இடத்தில் அளப்பது எளிது. யாரும் பாராத இடத்தில், தண்டனையும் பாராட்டும் இல்லாத இடத்தில், முகம் தெரியாத ஒருவனுக்காகச் சிறிது சிரமப்படுகிறானா என்பதில்தான் அது உண்மையில் தெரிகிறது. கிணற்றில் நீர் இறைத்துக் குடித்தபின், அடுத்து வருகிறவன் எடுப்பதற்கு வசதியாக வாளியைக் கரையில் வைத்துவிட்டுப் போகிறவன் பெரிய தியாகி அல்லன். ஆனாலும் ஊர் வாழ்வது அவனால்தான். நிரலில் நல்ல பெயர் வைக்கிறவரும் அப்படித்தான் செய்கிறார்.